பாப்பாவின் வெள்ளிக்கிழமைப் பக்கம்

மஞ்சள் கவுன், இரண்டு கையிலும் ஈர உப்பு, வெயிலுக்குக் கூசி மூடிய ஒரு கண். வரப்பின் மேல் பாப்பா நின்றுகொண்டிருக்கிறாள். "இங்க பாரு, சித்தியப் பாரு" என்று கேமராவைப் பிடித்தபடி பின்னாலேயே நகர்ந்த நான், ஒரு காலை உப்புப் பாத்திக்குள் விட்டுவிட்டேன். கணுக்கால் வரை சேறு. அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த பாத்தியில் வேலையாக இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நாலு நாளு மிதிச்சிக் கெட்டிப்பண்ண தரடி அது. ஒரே மிதியில ஓட்ட போட்டுட்ட. போட்டோ புடிக்க வேற எடம் கெடைக்கலியா உனக்கு?"

வேறு இடம் எதற்கு? மரக்காணத்தில் விடிந்தும் விடியாத அந்த அரை மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. காற்று இன்னும் எழுந்திருக்காது. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம். கூடை சுமந்து வரப்பில் நடப்பவர்கள் தலைகீழாகவும் ஒருமுறை நடந்து போவார்கள். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். எட்டு மணி ஆனால் இதெல்லாம் போய்விடும். வெள்ளை மட்டும்தான் மிஞ்சும், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அதற்குப் பிறகு படம் எடுத்தால் முகம் கரிக்கட்டையாக விழும்.

பாப்பா என் அக்கா மகள். அப்போது இரண்டரை வயது. அக்கா வசந்தா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எடுக்கிற படத்தை, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அங்கே கம்ப்யூட்டரில் பார்ப்பாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடல் உள்ளே வந்துவிட்டுப் போன அடுத்த வருடம் அது. பாத்திகளில் ஏறிய மணலை எல்லாம் வாரிப்போட்டு, மறுபடி மிதித்து, மறுபடி உப்பு விளைந்துகொண்டிருந்தது.

கண்ணில் பட்டதே வேதம்

திண்டிவனத்து அச்சகத்தில் கோபித்துக்கொண்டு வேலையை விட்ட கதையைப் போன வாரம் சொன்னேன். அங்கே ஐந்து வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். திரையில் பிள்ளையார் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, காகிதத்திலும் அங்கேயேதான் வந்து உட்காருவார். திரையில் நன்றாக இருந்தால் வேலை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். இந்த ஒரு பாடத்தைத்தான் நான் அங்கிருந்து எடுத்து வந்தேன். அதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

அடுத்து வேலை கிடைத்தது இடையஞ்சாவடிப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டில். விருந்தினர் விடுதிகளுக்கும் ஊதுபத்திக் கம்பெனிகளுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிற ஆபீஸ். முதலாளி வெளிநாட்டுக்காரர். மாதத்தில் பத்து நாள்தான் ஊரில் இருப்பார். மீதி நாளெல்லாம் மயிலும் நாங்களும்தான்.

எனக்கு ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். கொடுத்த அன்றே அதன் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. மவுஸால் படத்தை இழுத்து இங்கே வைக்கலாம், எழுத்தைப் பிடித்து அங்கே நகர்த்தலாம், பக்கம் தானாகவே உருவாகும். அதற்குப் பின்னால் அந்த மென்பொருள் வரி வரியாக ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொள்ளும். அதைப் பார்க்க ஒரு பொத்தான் இருந்தது. நான் தொட்டதே இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு அடுப்படியை யாராவது எட்டிப் பார்ப்பார்களா?

எட்டிப் பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். ஜெசிந்தா. வானூர்க்காரி, என் வயதுதான், எனக்குப் பக்கத்து நாற்காலி. அவள் அந்த மென்பொருளைத் தொட மாட்டாள். வெறும் நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஆங்கில வரிகளை, அதாவது ஒரு பக்கத்துக்கு வேண்டிய எச்டிஎம்எல் முழுவதையும் எழுத்தெழுத்தாகத் தட்டுவாள். திறந்த குறிகளை மூடினோமா, மூடியதைச் சரியான வரிசையில் மூடினோமா என்று விரல் வைத்துப் பார்ப்பாள். சோற்றுக் கிண்ணத்தை மூடும்போதுகூட இரண்டு தரம் அழுத்திப் பார்க்கிறவள்.

"ஏண்டி, அரை நாளா தட்டிக்கினே கெடக்குறியே. நான் இழுத்து வச்சா அஞ்சு நிமிஷம்" என்பேன்.

"நீ பண்றது உன் கம்ப்யூட்டர்ல நல்லா தெரியும். நான் எழுதுறது எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரியும்."

"வந்துட்டா எச்டிஎம்எல் மகாராணி."

"மகாராணி தண்ணி எடுக்கப் போறா. உனுக்கும் வேணுமா?"

எங்கள் சண்டை இவ்வளவுதான். ஆனால் தினமும் நடக்கும்.

ஒரு வாடிக்கையாளர், தன் பக்கம் தன் ஊருக்குப் போய்ப் பார்த்தால் கோணிக்கொண்டு நிற்கிறது என்று முதலாளிக்கு எழுதிவிட்டார். நான் செய்த பக்கம். அன்றே ஒரு கட்டளை வந்தது. எழுத்துப் பிழை பார்க்கிற மாதிரி, எச்டிஎம்எல் பிழை பார்ப்பதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் உள்ளே போய் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வரும். தப்பு இருந்தால் மேலே சிவப்புப் பட்டை, இல்லாவிட்டால் பச்சை. இனி பச்சை வராமல் எந்தப் பக்கமும் வெளியே போகக் கூடாது.

என் பக்கங்கள் எல்லாமே சிவப்பு. தப்புப் பட்டியலைப் பார்க்க மவுஸை உருட்டி உருட்டி விரல் வலித்தது. கண்ணுக்கு லட்சணமாக இருக்கிற ஒரு பக்கத்தில் இத்தனை தப்பு எப்படி இருக்க முடியும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல திட்டு கிடைத்திருக்கும்.

அக்கா போனது

ஏழுமலை மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், உப்பு லாரி ஓட்டினார். பாப்பாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு விபத்து. மாமா வீடு திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். உள்ளங்காலில் வெடிப்பு வந்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, ராத்திரியில் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் தூங்குவாள். குவைத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பாப்பா 'ம்மா' என்று சொல்லத் தொடங்கிய மாதத்தில் விமானம் ஏறினாள்.

அங்கே போய் இரண்டாவது முறை பேசும்போது சொன்னாள். "இங்க தர வழவழன்னு இருக்குது தனம். காலு ஆறிப்போச்சி." ஆறிப்போனதற்கு யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

அவள் பயமெல்லாம் ஒன்றுதான். "நான் வர்றதுக்குள்ள அவ வளந்துடுவா. எனக்குத் தெரியாத புள்ளையா ஆயிடுவா. நாளைக்கி ஏர்போர்ட்ல நாலு புள்ளைங்கள நிக்க வச்சா எது என் புள்ளன்னு எனக்குத் தெரியாம போயிடும்." அவள் கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. முதல் மொட்டை அடித்த அன்று எடுத்தது. மொட்டைத் தலை, சந்தனம், முகம் முழுக்க அழுகை. அதை வைத்து எந்தக் குழந்தையையும் அடையாளம் சொல்ல முடியாது.

இரண்டு முறை தபாலில் படம் அனுப்பினோம். போய்ச் சேரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்கா வேலை பார்த்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருந்தாள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவள் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் பாப்பாவுக்கு ஒரு பக்கம் செய்து போட்டுவிட்டால் போதும். முகவரியை அந்தப் பெண் தட்டிக்கொள்வாள். தபால்காரர் வேண்டாம், முத்திரை வேண்டாம்.

"பாப்பாவ கம்ப்யூட்டர்ல போடப் போறேன். வாராவாரம் பாக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னேன்.

"நெஜமாவா சொல்ற?" என்றாள்.

ஆத்திரத்தில் எழுதியது

மஞ்சள் கவுன் படம்தான் முதல் படம். அதோடு இன்னும் மூன்று. ஆபீஸ் கேமராவைச் சனிக்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டு போய், திங்கட்கிழமை படங்களை என் கம்ப்யூட்டரில் 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். அங்கிருந்து இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். சுற்றிலும் இளநீலம். வெள்ளைப் பின்னணி எனக்கு ஆகாது. உப்பளத்துக்காரிக்கு வெள்ளையைக் கண்டாலே கண் தானாகச் சுருங்கும். பக்கத்தைத் தளத்தில் ஏற்றினேன். முகவரியைத் தட்டினேன். பாப்பா சிரித்தாள். ஆபீஸே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தது.

ஜெசிந்தாவும் பார்த்தாள். "அழகா இருக்குது" என்றாள். பிறகு அவளுடைய கை சும்மா இருக்குமா? என் மவுஸைப் பிடுங்கி, அந்த முகவரியைப் பிழை பார்க்கும் பக்கத்தில் கொடுத்தாள். சிவப்பு.

"ஏண்டி, இது கம்பெனி வேலையா? என் அக்காவுக்குப் போட்டது."

"அக்காவுக்குன்னா தப்பா எழுதலாமா? இத பச்சையாக்கு. நான் ஒத்துக்கறேன், நீ டிசைனருதான்னு. மீனு வறுத்துக் கொண்டாரேன்."

மற்ற தப்புகளை அவளே உட்கார்ந்து திருத்திவிட்டாள். ஒரே ஒரு தப்புதான் மிச்சம், நான்கு படத்துக்கும் அதே தப்பு. ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்று ஒன்று எழுத வேண்டுமாம். எழுதவில்லையாம்.

"அது என்னா எழவு?"

"ஒருவேள படம் வரலன்னா அந்த எடத்துல வர வேண்டிய எழுத்து. படத்துல என்னா இருக்குதுன்னு சொல்லணும்."

"படம்தான் வருதேடி. கண்ணு முன்னால சிரிச்சிக்கினு நிக்கிறா."

"எழுதினாதான் பச்ச."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எழுத்துதானே வேண்டும், இந்தா பிடி என்று தட்டினேன். அந்தக் காலத்தில் எல்லாரையும் போல ஆங்கில எழுத்தில் தமிழ்தான். "மஞ்சள் கவுன். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. பேரம் பேசியது நான். இரண்டு கையிலும் உப்பு. வாயில் வைக்காதே என்றால் வைக்கிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், மறுபடி வைக்கிறாள். இப்போது சிரிப்பது என் கால் சேற்றில் போனதற்கு."

பச்சை வந்தது. மறுநாள் மீனும் வந்தது. நன்றாகத்தான் வறுத்திருந்தாள்.

அடுத்த வாரமும் எழுதினேன். அதற்கடுத்த வாரமும். கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோப்பில் காற்று நின்றுவிடும், ஓட்டின் மேல் முந்திரி இலை ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அதை எடுத்த நிமிடம் திரும்ப வரும். அம்மாவின் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், பாப்பாவின் தலையில் நல்லெண்ணெய் வாசனை. படத்தில் இல்லாததை எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதிவைத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

"இப்போதுதான் அழுது முடித்தாள். காரணம் ஒரு நண்டு. நண்டு ஓடிவிட்டது, அதற்குத்தான் அழுகை."

"செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறாள். சொன்னால் கேட்கவில்லை. அப்படியே கடைத்தெரு வரை நடந்தாள்."

"தூங்குகிறாள். கைக்குள் பாதி பிஸ்கட். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா என் செல்போனுக்குக் கூப்பிடுவாள். ஐந்து நிமிடம் பேசுகிற அளவுக்குத்தான் அவளிடம் கார்டு இருக்கும்.

"புதுசு போட்டிருக்கேன், பாத்தியாக்கா?"

"பாத்தேன், பாத்தேன். அந்த மஞ்ச கவுனு எவ்ளோ சொன்னான்? நீ எவ்ளோக்கு கேட்ட?" அடுத்த வாரம், "நண்டு கடிச்சி வைக்கப் போவுது, பாத்து." அதற்கடுத்த வாரம், "செருப்ப மாத்திப் போட்டா காலு வளைஞ்சிடும்னு அம்மாகிட்ட சொல்லு."

ஒன்று விடாமல் கேட்பாள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அவள் குரல் மாறிவிட்டிருந்தது. 'தெரியாத புள்ளையா ஆயிடுவா' என்ற பேச்சே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, குவைத்தில் எங்கோ ஒரு பெரிய வீட்டில், குளிர்ந்த ஓர் அறையில், பாப்பாவின் முகம் திரை முழுக்கத் தெரிவதை நினைத்துப் பார்த்துக்கொள்வேன். கழுவெளி ஏரிப் பக்கம் தண்ணீர் செம்பாக மின்னும். அப்படியே கண்ணயர்ந்துவிடுவேன். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின.

எழுதாமல் விட்டது

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் வந்தது.

"தனம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுக்கா."

"கவுனு எழுதுற, செருப்பு எழுதுற, எண்ண வச்சத எழுதுற. அவ மூஞ்சி எப்பிடி இருக்குதுன்னு மட்டும் எழுதவே மாட்டேங்குற. இப்ப யாரு மாதிரி இருக்கா?"

"நீதான் வாராவாரம் பாக்குறியேக்கா."

"எங்கடி பாக்குறேன்? நீ எழுதுனதத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்."

"போட்டோவப் பாக்கலியா?"

"போட்டோவா? கட்டம் கட்டமா இருக்குது. கட்டத்துக்குள்ள நீ எழுதுனது இருக்குது. ஒனக்கு ஏது கேமராவெல்லாம், அதான் எழுதிப் போடுறன்னு நெனச்சிக்கினேன். நல்லாதான் எழுதுற. அந்தப் பொண்ணுக்குக்கூட அர்த்தம் சொல்லுவேன், அது சிரிக்கும். சொல்லு, யாரு மாதிரி—"

கார்டு தீர்ந்துவிட்டது. பஸ் கிளப்பிய புழுதிக்குள் நான் போனைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை மாதத்தில் 'போட்டோ' என்ற சொல்லை நாங்கள் இருவருமே ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. தினம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன். ஆபீஸில் இலவசமாகக் கிடைப்பதற்கு இங்கே எதற்குக் காசு கொடுப்பது என்று ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அன்றைக்குப் போனேன். திரைச்சீலை போட்ட தடுப்புக்குள் உட்கார்ந்து முகவரியைத் தட்டினேன்.

இளநீலம் வந்தது. பிறகு கட்டங்கள் வந்தன. மூலையில் சின்னதாய் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, உள்ளே என் எழுத்து. கீழே கீழே உருட்டினேன். எல்லாமே கட்டங்கள். முப்பது நாற்பது கட்டங்கள், ஒன்றில்கூட என் குழந்தை இல்லை. என்னுடைய அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஓட்டு வீட்டைத் தாண்டவே இல்லை. பெற்றவளுக்கு ஒரு குழந்தையைக் காட்டத் துப்பில்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். "மேடம், அரை மணி ஆயிடுச்சி" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்

மறுநாள் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் என் பக்கத்தின் எச்டிஎம்எல்லை நோட்பேடில் திறந்தாள். முதல் படத்துக்கான வரியிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"நீ படத்தெல்லாம் தளத்துல ஏத்தவே இல்லியாடி?"

"பக்கத்த ஏத்தினேனே. படம் பக்கத்துக்குள்ளதான இருக்குது?"

இல்லையாம். பக்கத்துக்குள் படம் இருக்காதாம். படம் இருக்கிற இடத்துக்கு வழிதான் இருக்குமாம். நான் இழுத்து வைத்தபோது, அந்த மென்பொருள் என் கம்ப்யூட்டரின் 'பாப்பா' ஃபோல்டருக்குத்தான் வழி எழுதி வைத்திருக்கிறது. "எங்க வீட்டு பீரோவுல ரெண்டாவது தட்டுல இருக்குது, எடுத்துக்கோ" என்று குவைத்துக்குக் கடிதம் போட்ட மாதிரி. அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் படம் தெரிந்தது. கம்பெனிப் பக்கங்களை ஏற்றும் வேலை எப்போதும் ஜெசிந்தாவுடையது, அதனால் இந்தத் தப்பை நான் அதுவரை செய்ய வாய்ப்பே வரவில்லை.

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. "பச்ச வந்துதேடி. வாராவாரம் பச்ச வந்துதே. அப்ப இத சொல்லலியே?"

"அது எழுத்து சரியான்னுதான் பாக்கும். வழி சரியா எழுதியிருக்குது. அந்த வழியில போனா படம் இருக்குதான்னு அது போயி பாக்காது." நோட்பேடை மூடிவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கி தப்பத் திருத்துனப்பவே வழிய கவனிச்சிருக்கணும். நானும் உன் சிஸ்டத்துலதான் பாத்தேன். எல்லா கம்ப்யூட்டருக்கும்னு உனக்கு பாடம் நடத்துனவ, இன்னொரு கம்ப்யூட்டர்ல பாக்கல."

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. அதற்குமேல் எங்கே சண்டை போடுவது?

அன்று முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு படத்தையும் சின்னதாக்கித் தளத்தில் ஏற்றினாள். நான் அந்த மென்பொருளைத் திறக்கவில்லை. நோட்பேடில், என் கையால், ஒவ்வொரு படத்துக்கும் புது வழி எழுதினேன். முதல் பத்தில் நாலு தப்பு. திருத்தினேன். வேலை முடிந்ததும் ஜெசிந்தா, வானூருக்குப் போகாமல் என்னோடு மரக்காணம் பஸ்ஸில் ஏறினாள். "இன்னொரு கம்ப்யூட்டர்ல நான் பாக்கணும்" என்றாள்.

பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கே லைன் மெதுவாகத்தான் வரும். படம் மேலிருந்து ஒவ்வொரு கீற்றாக இறங்கியது. முதலில் வானம். பிறகு முடி. நெற்றி. பிறகு இடது புருவம், வலதைவிட ஒரு விரற்கடை தூக்கினாற்போல. பிறகு கண், கன்னம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து.

ஜெசிந்தா சாதாரணமாகக் கேட்டாள். "உன் சாயலே இல்லியேடி. யாரு மாதிரி இவ?"

ஏழுமலை மாமா மாதிரி. அச்சு அசல் மாமா. வாரா வாரம் அந்த முகத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் கவுனையும் செருப்பையும் எழுதினேன். ஒரு தடவை முகத்தை எழுத ஆரம்பித்தேன், இரண்டு வரியிலேயே அது மாமாவாகிவிட்டது. அழித்துவிட்டேன். படத்தில்தான் தெரிகிறதே, நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டாள், பார்த்தும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் பார்க்கவே இல்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை

அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. எங்களால் கூப்பிட முடியாது. முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. படத்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "அவ புருசன் மொகம். அவ பாக்கக் கூடாதுன்னு சொல்ல நாம யாரு?" என்றாள் அம்மா.

வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. வீட்டு வாசலில் நின்றேன். உப்புக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மஞ்சளாகி, ரோஜா நிறமாகி, பாத்திகளில் மெல்ல அணைந்துகொண்டிருந்தது. பாப்பா என் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"தனம்."

"சொல்லுக்கா."

கார்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டாருடி" என்றாள்.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு பயந்துட்டா. தண்ணி கொண்டாந்து குடுத்தா. பத்து நிமிஷம்னு சொன்னவ, ஒரு மணி நேரமா என்ன எழுப்பவே இல்ல. அதே புருவம் தனம். அதே பல்லு. எனக்கு ஏன்டி சொல்லல?"

"எழுத வரலக்கா." பிறகு பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். "படத்த எடுத்துடட்டா?"

"ஏய். எடுத்த, கொன்னுடுவேன்." சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. "ஆனா ஒண்ணு. படம் வந்துடுச்சின்னு எழுதுறத நிறுத்திடாத. இத்தினி நாளு அதுலதான் நான் அவள வளத்தேன். படத்துல அவரு வர்றாரு. நீ எழுதுறதுலதான் பாப்பா வர்றா. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

சரிக்கா என்றேன். கார்டு தீரும்வரை பாப்பாவின் காதில் போனை வைத்துப் பிடித்திருந்தேன்.